காலியாய்க் கிடந்த மொழி

பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக இருந்த ஹன்னெ லொறென்ஸன் என்பவளும், கலியாண வீடுகளில் ஓர்கன் வாசிக்கிற அவளுடைய சிநேகிதன் ஊவெயும் சேர்ந்து தங்கள் முதல் பாட்டை வெளியிட்ட கிழமையில் ஜெர்மனியின் ஹோல்டன்பெக் நகரத்தில் வேறு புதினம் ஒன்றும் இல்லை. மழை வழக்கம்போலச் சரிந்து பெய்தது, சுரங்கம் மூடியதிலிருந்து வேலையில்லாமல் போன ஆண்கள் வழக்கம்போல பஸ் நிலையத்தில் பியர் போத்தலோடு நின்றார்கள், போருக்குத் தப்பி வந்த தமிழ்ச் சனம் வழக்கம்போல ஊரிலிருந்து ஏதாவது செய்தி வருமென்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. பாட்டின் பெயர் ‘நமிரே’. மலைக்கு அந்தப் பக்கத்தில் யாரோ ஊதுவதுபோல ஒரு புல்லாங்குழலோடு தொடங்கும். பிறகு எந்தத் தேசத்து மேளம் என்று சொல்ல முடியாத ஒரு மேளம் விழும். அதற்கு மேலே ஹன்னெயின் குரல் குளிர்காலத்தில் வாயிலிருந்து வரும் ஆவியைப்போல ஏறும். அந்தச் சொற்கள் ஜெர்மன் இல்லை, ஆங்கிலம் இல்லை, உலகத்தில் எவரும் பேசுகிற எதுவும் இல்லை. “குளியல் தொட்டிக்குள் படுத்துக்கிடந்து வாய்க்கு வந்தபடி கோத்தேன். அர்த்தம் இருந்தால் அது யாருக்காவது சொந்தமாகிவிடும் இல்லையா?” என்று வானொலிப் பேட்டியில் அவள் சிரித்தாள். எல்லோருக்கும் அந்தச் சிரிப்பும் பாட்டும் பிடித்துப்போயின. ஆள் பேசாத மொழி ஆளில்லாத வீட்டைப் போன்றது என்பதும், அப்படி ஒரு வீடு தெருவில் கிடந்தால் இருக்க இடமில்லாதவர்கள் கேட்டுக்கேள்வியில்லாமல் வந்து ஏறிவிடுவார்கள் என்பதும் அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

யோகமலர் அதை முதலில் கேட்டது வேலை இடத்தில். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்புகிற பெரிய சலவைக்கூடம் அது. கூரையிலிருந்து ஒரு வானொலி தொங்கும், நீராவியின் இரைச்சலில் அது பாடுவது பாதி விழும், பாதி விழாது. அவளும் றெனாற்ற என்கிற ஜெர்மன்காரியும் விரிப்பின் இரண்டு தொங்கலிலும் நின்று, இழுத்து, உதறி, நெருங்கி, நுனியை நுனியோடு கொடுத்து, விலகி, மறுபடி நெருங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் நாள் முழுக்கக் கிட்டத்தில் பார்த்தபடி, பேச ஒன்றுமில்லாமல் வருஷக்கணக்காக வேலை செய்துவந்தார்கள். அன்றைக்கு மேளம் விழுந்த இடத்தில் யோகமலர் நின்றுவிட்டாள். அவளுடைய தம்பி சீலனின் குரல், ஹன்னெயின் குரலுக்குள் இருந்து, பந்தியில் இருந்தபடி தலையைத் திருப்பிக் கேட்பதுபோல, ஒரு சொல்லைச் சொன்னது. அந்தச் சொல் அவளுக்கு விளங்கியது. உப்பு என்று கேட்டான். கூழ் குடிக்கிற நாளெல்லாம் அவன் உப்புக் காணாது என்றுதான் சொல்லுவான், அம்மா முறைத்துக்கொண்டே சிரட்டையை நகர்த்துவா.

சீலன் காணாமல் போனவன். சைக்கிளுக்கு டியூப் வாங்க அவன் பட்டணம் போன பஸ்ஸை வழியில் மறித்தார்கள், ஆண்களை இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்கள், அவன் தன் பையை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினான், பை வீட்டுக்கு வந்தது, அவன் வரவில்லை. அதன் பிறகு அம்மா படலையையும் பூட்டவில்லை, கதவையும் பூட்டவில்லை. ஆடு வந்து தின்னும், நாய் வந்து படுக்கும், கள்ளன் வந்து குத்துவிளக்கைக் கொண்டுபோனான், அம்மா அசையவில்லை. அவன் வந்து தட்டுகிற நேரம் எனக்குக் காது கேளாமல் போனால் என்ன செய்கிறது என்றா. யோகமலரோடு மாதம் ஒருதரம் சந்தித் தொலைபேசிக் கடையிலிருந்து பேசுவா, சுகம் கேட்க முதலே, “பிள்ளை, தம்பியைப் பற்றி அங்கினை ஏதும் கேள்விப்பட்டனியோ?” என்பா. ஜெர்மனியில் தம்பியைப் பற்றி என்ன கேள்விப்படுவது? ஆனாலும் ஒவ்வொரு முறையும் யோகமலர், “இன்னும் இல்லை அம்மா” என்றுதான் சொல்லுவாள், ‘இன்னும்’ என்கிற சொல்லை விட்டுவிடாமல்.

அன்று பின்னேரம் அவள் குழம்பு வைத்தாள். ஜாடியில் கையை விட்டவள் அப்படியே நின்றாள். விரலில் ஒட்டியிருந்தது என்னவென்று தெரிகிறது, எதற்கென்று தெரிகிறது, பெயர் மட்டும் நாக்கில் இல்லை.

“இஞ்சருங்கோ,” என்று கணவனைக் கூப்பிட்டாள். “குழம்புக்குச் சால்ஸ் காணுமோ எண்டு ஒருக்கால் பாருங்கோ.”

கணவன் கதிர்காமநாதன் கரண்டியை நக்கிவிட்டு, “காணும், காணும்” என்று போய்விட்டான். உப்புக்கு அவள் ஜெர்மன் சொல்லைச் சொன்னதில் அவன் ஒன்றையும் காணவில்லை. அந்த நகரத்தில் தமிழர் எல்லோருமே பத்துச் சொல் பேசினால் மூன்று ஜெர்மன் சொல். சொல் தொலைவது மயிர் கொட்டுவதுபோல ஒரு சாதாரண விஷயம். அந்த ஊர்ச் சனம் செய்த பெரிய பிழை அதுதான். வேறொரு ஊரில் என்றால் ஒரே நாளில் பிடிபட்டிருக்கக்கூடியதை, இவர்கள் வெளிநாட்டுக்கு வந்த சனத்துக்கு இதெல்லாம் நடக்கிறதுதானே என்று மாதக்கணக்கில் விட்டுவிட்டார்கள்.

இதற்குள் பாட்டு பரவிவிட்டது. வானொலி, பெரிய கடைகளின் ஒலிபெருக்கி, பஸ் சாரதியின் கசெற், எங்கும் அதுதான். சேலையும் மிளகாய்த்தூளும் ஒரே மேசையில் விற்கிற சறோ அக்கா ஒருநாள் கல்லாவுக்குப் பின்னால் இருந்து ஓவென்று அழுதா. எண்பத்து மூன்று கலவரத்தில் காணாமல் போன அவவின் மைத்துனர் பாட்டுக்குள் வந்து, சைக்கிள் பூட்டின் திறப்பு அரிசிப் பானைக்குக் கீழே கிடக்கிறதென்று சொல்லிவிட்டுப் போனாராம். “பதினைஞ்சு வருஷமாய் அதைத் தேடினம், பாவி மனுசன், இப்ப வந்து சொல்லுது!” என்று மூக்கைச் சிந்தினா. பிறகு ஒவ்வொருவராய் வந்து சொன்னார்கள். கடலில் போனவர்கள், காட்டில் போனவர்கள், வீட்டு வாசலில் ஜீப்பில் ஏற்றப்பட்டவர்கள், அகதிப் படகில் கிளம்பி எந்தக் கரையிலும் இறங்காதவர்கள். தங்களுக்கென்று ஒரு பிடி மண்ணோ ஒரு கல்லோ கிடைக்காதவர்கள் மட்டும்தான் அந்தப் பாட்டுக்குள் இருந்தார்கள். தங்களுக்கு என்ன நடந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. முருங்கையை நறுக்கிவிடச் சொன்னார்கள், வாய்க்கால் தூர்ந்துபோயிருக்கும் என்று கவலைப்பட்டார்கள், நீலச் சேட்டு இன்னும் கொடியிலே கிடக்கிறதோ என்று கேட்டார்கள்.

டயர்க் கிடங்காக இருந்த கட்டிடத்தில் நடந்த கோயிலில் நிர்வாகக் கூட்டம் கூடியது. இதை ஆவி என்று எடுப்பதா, பிரார்த்தனை என்று எடுப்பதா, வெள்ளைக்காரியின் பாட்டைக் கோயிலுக்குள் போடலாமா என்று வாதம் வந்தது. ஐயர் நெடுநேரம் யோசித்துவிட்டு, “ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் முடிஞ்சாப் பிறகு மண்டபத்திலை போடலாம், கருவறைக்குக் கேக்கக்கூடாது. சாமத்திய வீடு, கலியாணத்துக்குக் கண்டிப்பாய் வேண்டாம்” என்றார். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் அதிசயப்படவில்லை. சறோ அக்கா அந்தப் பாட்டின் இசைவட்டுகளை வாங்கி அப்பளத்துக்குப் பக்கத்தில் அடுக்கினா. பெரிய நகரத்துப் பாட்டுக் கம்பனியிலிருந்து ஒரு பொடியன் வந்து, இந்தச் சின்னக் கடையில் எப்படி இவ்வளவு போகிறது என்று தலையைச் சொறிந்துவிட்டு, உருளைக்கிழங்கு றோல்ஸ் இரண்டு தின்றுவிட்டுப் போனான்.

சொல் தொலைகிற விஷயத்தைக் கண்டுபிடித்தது கதிர்காமநாதன்தான். நாதன் அண்ணை என்றால் அந்த நகரத்தில் தெரியாத தமிழர் இல்லை. வெளிநாட்டார் அலுவலகமோ, வைத்தியரோ, பள்ளிக்கூடமோ, எங்கே போனாலும் மொழிபெயர்க்க அவனைத்தான் கூட்டிப்போவார்கள். பகலில் தளபாடக் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுவான். மிச்ச நேரமெல்லாம் மற்றவர்களின் வாயாக இருப்பான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, எதையும் தணித்துத்தான் சொல்லுவான். அதிகாரி மேசையில் குத்தி, “இந்த ஆள் சொல்வது முழுப் பொய்” என்றால், நாதன் இந்தப் பக்கம் திரும்பி, “இன்னொருக்கால் ஞாபகப்படுத்திப் பாக்கட்டாம்” என்பான். இந்தப் பக்கத்து ஆள் கெட்ட வார்த்தையில் ஏசினால், அதிகாரிக்கு அது, “ஐயா மிகவும் களைத்துப்போயிருக்கிறார்” என்று போய்ச் சேரும். “தூக்குத் தண்டனை எண்டாலும் நாதன் அண்ணை லீவு குடுத்திருக்கினம் எண்டுதான் சொல்லுவர்” என்று சறோ அக்கா பகிடி பண்ணுவா. அவன் சிரிப்பான். அப்படித் தணித்ததால்தான் அந்த நகரத்தில் பலர் இன்னும் திருப்பி அனுப்பப்படாமல் இருந்தார்கள்.

அவன் கவனித்தது இது. ஒரு சனிக்கிழமை யோகமலரிடம், “கிணத்துக்கட்டிலை இருந்து எடுத்த உங்கடை படம் எங்கை?” என்று கேட்டான். அவள் அவனுடைய வாயையே பார்த்தாள்.

“எதிலை இருந்து எடுத்த?”

“கிணத்துக்கட்டு.”

“சொல்லுங்கோவன்.”

“அதைத்தானே சொல்லுறன்!”

அவளுக்கு அவனுடைய உதடு அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. வாக்கியத்தின் நடுவில் ஒரு ஓட்டை. அதற்கு முன்னும் பின்னும் சொற்கள் வழமைபோல நின்றன, நடுவில் மட்டும் தூர்வாரிவிட்டதுபோல ஒன்றுமில்லை. முதல்நாள்தான் சீலன் பாட்டுக்குள் இருந்து கிணற்றைப் பற்றிப் பேசியிருந்தான். நாதன் அப்படியே கட்டிலில் இருந்தான். பிறகு சறோ அக்காவிடம் போய்த் திறப்பு என்று சொல்லிப் பார்த்தான், அவவும் அவனுடைய வாயைத்தான் பார்த்தா. அந்த மொழியில் ஒரு சொல் விளங்கினால் தமிழில் அதே சொல் போய்விடுகிறது. சொல்லவும் வராது, மற்றவர் சொன்னாலும் கேட்காது. வெறும் வீட்டுக்கு வந்தவர்கள் தளபாடம் இல்லாமல் எப்படி இருப்பார்கள்? உயிரோடிருக்கிறவர்களிடமிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டு போய்த்தான் அவர்கள் அங்கே குடித்தனம் நடத்தினார்கள்.

இது தெரிந்ததும் பாட்டைக் கேட்பதைச் சனம் நிறுத்திவிடும் என்று நாதன் நினைத்தான். நிறுத்தவில்லை. ஒரு நாலைந்து பேர் வானொலியைக் கழற்றி நிலவறையில் வைத்தார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வழி பார்த்தார்கள். ஒருவருக்குப் போன சொல் இன்னொருவரிடம் இருந்தது. ஆகவே அலுவலகத்துக்கு ஆள் கூட்டிப்போவதுபோலவே, தமிழுக்கும் ஆள் கூட்டிப்போகிற வழக்கம் வந்தது. பாய் வாங்கப் போகிற பெண் பாய் என்கிற சொல் இன்னும் இருக்கிற ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு சறோ அக்காவின் கடைக்குப் போனாள். கலியாணம் பேசப் போனவர்கள், மாப்பிள்ளை வீட்டாரோடு கதைக்க இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டார்கள், எந்தச் சொல் எங்கே காலை வாரும் என்று தெரியாதே. தனியாக ஒருத்தரும் எங்கேயும் போகாமல் ஆனார்கள். முன்பு ஒரு வருஷமாக முகம் பாராமல் இருந்த குடும்பங்கள்கூட, “ஒருக்கால் வந்து எனக்காக இதைச் சொல்லிப்போட்டுப் போ” என்று கதவைத் தட்டின. சலவைக்கூடத்தில் றெனாற்ற ஒருநாள் விரிப்பைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். பாட்டுக்குள் அவளுக்கு வந்தது, சின்ன வயதில் கிழக்கே எங்கோ ரயிலில் விட்டு வந்த தமையனாம். அன்றைக்கு அவளுக்கு ஜெர்மனில் ரயில் என்கிற சொல் இல்லை. யோகமலர்தான் அவளை நிலையம்வரை கூட்டிப்போய், அவளுக்காக அந்தச் சொல்லைச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தாள்.

இலை விழத் தொடங்கிய நாட்களில் ஹன்னெ லொறென்ஸன் சறோ அக்காவின் கடைக்கு வந்தாள். நீல மழையங்கி, நனைந்த தலைமயிர், நித்திரை இல்லாத கண். வானொலியில் கேட்ட அந்தச் சிரிப்பு அவளிடம் இல்லை. கடையில் இருந்த பெண்கள் முதலில் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள், தேத்தண்ணி கொடுத்தார்கள், பிறகு நாதனைக் கூப்பிட ஆள் அனுப்பினார்கள்.

“நீங்கள் என் பாட்டை வாங்குவதாகச் சொன்னார்கள்,” என்றாள் ஹன்னெ. “அதில் யாரோ பேசுகிறார்கள் என்றும் சொன்னார்கள். நான் அதில் ஒன்றும் வைக்கவில்லை. தயவுசெய்து சொல்லுங்கள், என் பாட்டு என்ன சொல்கிறது?”

நாதன் தமிழில் சொன்னான். சறோ அக்கா இடுப்பில் கை வைத்தா.

“எடி பிள்ளை, நீ வீட்டைக் கட்டிப்போட்டு ஆளை வைக்காமல் விட்டாய், எங்கடையள் வந்து இருக்குதுகள். இதிலை நீ பயப்பட என்ன கிடக்கு? வாடகையே கேக்கப் போறாய்?”

“அவர்கள் உங்களுக்கு நன்றி சொல்கிறார்கள்,” என்று நாதன் மொழிபெயர்த்தான்.

“இல்லை,” என்றாள் ஹன்னெ. “இவ்வளவு நீளமாகச் சொன்னதற்கு நன்றி மட்டும் இருக்காது.”

கடை சிரித்தது. நாதனுக்கு முகம் சிவந்தது. முதல் தடவையாக அவன் சொல்லுக்குச் சொல் சொன்னான். ஹன்னெ கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு மெல்லிய குரலில், தன் தாயின் சகோதரன் ஒருவன் போருக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்றும், தான் எத்தனை முறை போட்டாலும் தன் குரல் மட்டும்தான் கேட்கிறது என்றும் சொன்னாள்.

“வீட்டைக் கட்டினவளுக்குக் கேக்காது போலை,” என்றா சறோ அக்கா. இந்த முறை அவவின் குரலில் பகிடி இல்லை.

“அது உங்களிடமிருந்து சொற்களை எடுக்கிறது என்றால், நான் பாட்டைத் திரும்பப் பெற்றுவிடுகிறேன். கம்பனியோடு பேசுகிறேன். இனிமேல் எங்கும் ஒலிக்காது.”

நாதன் உடனே, “அதுதான் நல்லது” என்று ஜெர்மனிலேயே பதில் சொல்லத் தொடங்கினான். அதுவரை மூலையில் நின்ற யோகமலர் முன்னால் வந்து, தன் சலவைக்கூட ஜெர்மனில், ஒரு பெயர்ச்சொல்லும் இரண்டு வினைச்சொல்லுமாக, இன்னும் கொஞ்சம், என் தம்பி முடிக்கவில்லை, தயவுசெய்து இன்னும் கொஞ்சம் என்றாள். சொல்லும்போது ஹன்னெயின் மழையங்கிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹன்னெ அந்தக் கையைப் பார்த்தாள், சவர்க்காரத்தில் வெளுத்து நீராவியில் பொருக்கு வெடித்த கை. வருஷம் முடியும்வரை விட்டுவைக்கிறேன் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நாதன் கத்தினான்.

“உனக்கென்ன விசரே? உன்ரை தமிழ் அரைவாசி போட்டுது! நேற்று என்னை என்னெண்டு கூப்பிடுறது எண்டு தெரியாமல் கையைத் தட்டினனி!”

“அவன் ஏதோ சொல்ல வாறான்.”

“எல்லாருக்கும்தான் சொல்லுதுகள், நீலச் சேட்டு, முருங்கைக்காய்! அதுக்குமேலை அதுகள் ஒண்டும் சொல்லாதுகள் யோகம்.”

“இவன் சொல்லுவான். ஒரே இடத்தைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லுறான். நடுவிலை கொஞ்சம் விளங்கேல்லை.”

“விளங்கி?”

“அம்மாவுக்குச் சொல்லவேணும்.”

நாதன் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்கு முன்னால் இருந்தான். கோபம் இறங்கிவிட்டது, அவன் கோபம் எப்போதும் அப்படித்தான், அதையும் அவனே தணித்துவிடுவான்.

“அவன் சொல்லுறது முழுக்க விளங்குற நேரம், அதைச் சொல்ல உன்னட்டைத் தமிழ் இருக்காதே அப்பா,” என்றான். “எதை வைச்சுச் சொல்லுவாய்?”

அவளுக்கு அது தெரியாமல் இல்லை. விரிப்பை உதறுகிற ஒவ்வொரு முறையும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் மறுபக்கத்தில் அம்மா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு காதை வாசலில் வைத்து, வருஷக்கணக்காக முழு நித்திரை ஒன்று கொள்ளாமல் கிடந்தா. அவள் வட்டைப் போட்டாள். மறுநாளும் போட்டாள். சமையலறை அவளுக்கு ஊமையாய்ப் போனது. அகப்பையும் அடுப்பும் பெயரில்லாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. மழை, வழி, கை, கால், சோறு, கிழக்கு, விளக்கு எல்லாம் போயின. சீலன் வஞ்சகமில்லாமல் எடுத்தான். சின்ன வயதிலும் அவளுடைய கொப்பியிலிருந்து தாளைக் கிழிக்க அவன் கேட்டதில்லை. ஒரேயொரு சொல்லை மட்டும் அவன் தொடவில்லை, வேறு எவரும் தொடவில்லை. அந்தப் பாட்டுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் அம்மா என்கிற சொல்லைச் செருப்பைப் போல வாசலிலேயே கழற்றி விட்டுவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார்கள். அம்மாவைச் சீலன் “அவ” என்றுதான் சொன்னான்.

வருஷக் கடைசியில் ஒரு மத்தியானம், வெளியில் பனி தூவிக்கொண்டிருக்க, நடுவில் விளங்காமல் கிடந்த இடம் விளங்கியது. புல்லாங்குழல் ஓய்ந்து மேளம் விழுவதற்கு முன்னால் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில், பந்தியில் இருந்து தலையைத் திருப்புகிற அதே குரலில், சீலன் சொன்னான். நான் செத்துப்போனேன் அக்கா. பஸ்ஸை விட்டு இறங்கின அன்றைக்கே செத்துப்போனேன். அவ கதவைத் திறந்து வைத்திருக்கிறா. திறந்து வைத்தால் நான் வரவேணும். ஒவ்வொரு நாளும் வந்து வாசலில் நிற்கிறேன், உள்ளே வர ஏலாது, திரும்பிப் போகவும் ஏலாது. எனக்குக் காலெல்லாம் நோகுது. கதவைப் பூட்டச் சொல்லு.

யோகமலர் வட்டை நிறுத்தினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து முகத்தைக் கழுவினாள், சேலையைச் சரிசெய்தாள். அவளுக்குள் எங்கெங்கு தேடினாலும், செத்துப்போனவர்களைச் செத்துப்போனார்கள் என்று சொல்வதற்குத் தமிழில் இருந்த அந்தச் சொல் இல்லை. மரியாதையாகச் சொல்வதும் இல்லை, மரியாதை இல்லாமல் சொல்வதும் இல்லை. கதவு இல்லை. பூட்டு இல்லை.

அந்தச் சனிக்கிழமை தொலைபேசி அடித்தபோது நாதன் பக்கத்தில் இருந்தான். யோகமலர் ரிசீவரை எடுத்தாள். கடலுக்கு அடியால் வருகிற இரைச்சலுக்குள் அம்மாவின் குரல் வந்தது, ஓட்டை விழுந்த துணியைப்போல, இரண்டு சொல் இருந்தால் மூன்று சொல் இல்லாமல்.

“பிள்ளை... தம்பியைப் பற்றி... ஏதும்...”

“அம்மா,” என்றாள் யோகமலர். பிறகு ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு நாதன் பக்கம் திரும்பினாள். அவளிடம் ஜெர்மன் இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்தால் பூட்டச் சொல்லி மேற்பார்வையாளர் கத்துகிற சொல் இருந்தது. ஆஸ்பத்திரியில் செத்தவர்களின் கட்டிலிலிருந்து தனிப்பையில் கட்டிவரும் விரிப்புகளைப் பார்த்து றெனாற்ற தலையைக் குனிந்துகொண்டு சொல்லுகிற சொல் இருந்தது. அவற்றை எடுத்து அடுக்கினாள்.

“சீலன் டோட்,” என்றாள். “அண்டைக்கே டோட். அம்மா, ட்யூர் சூ. ட்யூர் சூ எண்டு அவன் சொல்லுறான். அவன் அதிலை நிக்கிறான்.”

நாதன் ரிசீவரைப் பொத்தியிருந்த அவளுடைய கையைப் பார்த்தான். அவன் வாழ்க்கையில் அதிகாரிகளுக்கும் அகதிகளுக்கும் நடுவில் நின்று எத்தனையோ கேட்டிருக்கிறான், இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

“யோகம்... கொஞ்சம் தணிச்சுச் சொல்லட்டோ? சுகமில்லாமல் கிடக்கிறான் எண்டு, பிறகு மெல்ல மெல்ல...”

“வேண்டாம்.”

“வயசு போன மனுசி. தாங்கமாட்டா.”

“வேண்டாம். உள்ளபடி.”

ரிசீவரை அவனுடைய கையில் வைத்தாள். அவன் அதைக் காதில் வைத்து, “மாமி, நாதன் கதைக்கிறன்” என்றான். சுகம் கேட்டான். குளிர் எப்படி என்று அம்மா கேட்டிருக்க வேண்டும், அதற்குப் பதில் சொன்னான். யோகமலர் அவனுடைய வாயைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றாள். அவன் தணித்துச் சொன்னால் அவளுக்கு எல்லாம் கேட்கும். வாக்கியம் ஒரு சேதமும் இல்லாமல் முழுதாக வரும், சுகமில்லை, தேடுகினம், பாப்பம், கடவுள் இருக்கிறார். அவன் உள்ளபடி சொன்னால் நடுவில் ஒரு ஓட்டை விழும். அவள் அந்த ஓட்டைக்காகக் காத்து நின்றாள்.

“மாமி,” என்றான் நாதன். “பக்கத்திலை ஆரும் நிக்கினமோ? ஒருக்கால் கதிரையிலை இருங்கோ. யோகத்துக்குச் செய்தி வந்திட்டுது. சீலன்...”

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவனுடைய உதடு அசைந்தது. மெதுவாக, ஒவ்வொன்றையும் எடுத்து வைப்பதுபோல அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. கண்ணீர் மீசைக்குள் ஓடியது. நெடுநேரம் அந்த மனுசன் அவளுக்குக் கேளாத சொற்களாலேயே பேசினான். ஒன்றையும் விடவில்லை, ஒன்றிலும் தண்ணீர் கலக்கவில்லை. பிறகு ரிசீவரை நீட்டினான்.

அவள் காதில் வைத்தாள். கடல் இரைந்தது. அம்மாவின் மூச்சு மேலே ஏறுவது கேட்டது, இறங்குவது கேட்டது. இரண்டு மூச்சுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. அம்மா பேசாமல் இருக்கிறாவோ, இல்லையென்றால் தன்னிடம் இல்லாத சொற்களை எடுத்து எடுத்து அழுகிறாவோ என்று அவளுக்குத் தெரியவில்லை. நாதனின் முகத்தைப் பார்த்தாள். ரிசீவரிலிருந்து கசிந்தது அவனுக்கு எட்டியிருக்க வேண்டும். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, அம்மா ஒப்பாரி சொல்லிக்கொண்டிருக்கிறா என்று. கிணற்றைச் சொல்லி, கூழைச் சொல்லி, சைக்கிளைச் சொல்லி, வழியைச் சொல்லி, வாசலைச் சொல்லி, அம்மா எந்தச் சொல்லை எடுத்தாலும் அதைச் சீலன் அவளிடமிருந்து முதலே எடுத்துவிட்டிருந்தான்.

யோகமலர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூச்சு ஏறி இறங்குகிற இடங்களைப் பார்த்துப் பார்த்து, அங்கே இருந்து ஓர் அழுகையும் தவறிப்போய்விடாதபடி, மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஓம் அம்மா,” என்றாள். “ஓம். ஓம் அம்மா.”